தெற்கே போன பால்செம்பு

கோவிந்தம்மா என் அண்ணி. நான் அவளுக்கு நாத்தனார். நாத்தனார் சொல்லும் கதையில் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் கேட்க வேண்டும் என்பார்கள். தள்ளிக்கொள்ளுங்கள், எனக்கு வருத்தமில்லை. மீதியே அவளைப் பற்றிச் சொல்லப் போதும்.

எங்கள் ஊர் ட்ரியோலே, தீவின் வடக்கே சாலையை ஒட்டி நீளமாகப் படுத்திருக்கும் ஊர். இந்த முனையில் நடக்கும் சண்டை அந்த முனைக்குப் போய்ச் சேருவதற்குள் சமாதானமே ஆகிவிடும். அந்த நீளம் முழுவதையும் சைக்கிளில் அளந்துகொண்டு, கூடையில் தைத்த துணிகளோடு, முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு ஐம்பதை நெருங்கும் ஒரு பெண்பிள்ளை போனால், அது அண்ணிதான். இந்த வருஷம் எங்கள் தீவுக்குச் சுதந்திரம் வந்து கொடி ஏற்றிய அன்று ஊரே பஸ்ஸுக்கு அடித்துக்கொண்டு தலைநகர் போர் லூயிக்கு ஓடியது. இவள் சைக்கிளில் போனாள், பார்த்தாள், வந்தாள். எப்படி இருந்தது என்று கேட்டேன். கொடி அழகாக இருந்தது, கூட்டம்தான் ஜாஸ்தி என்று சொல்லிவிட்டுத் தையல் மிஷினில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் பிறந்தது தீவின் தெற்குக் கோடியில், சூய்யாக் பக்கத்தில் ஒரு கரும்புத் தோட்டத்தின் குடியிருப்பில். கடல் இரைச்சல் கேட்டு வளர்ந்தவள். தோட்டங்களில் கலகம் நடந்து ஆட்கள் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்த வருஷத்துக்கு அடுத்த வருஷம் என் அண்ணன் மருதைக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அண்ணன் துறைமுகத்தில் சர்க்கரை மூட்டை தூக்குபவர். கல்யாணமாகி மாலையின் பூ உதிர்வதற்குள் துறைமுகத்தில் வேலைநிறுத்தம். அண்ணன் முன்வரிசையில் நின்றார். வேலையும் போயிற்று. பிறகு எப்படியோ திரும்பக் கிடைத்தது, ஆனால் அன்று முதல் அவர் வீட்டில் இருந்த நேரத்தைவிடச் சங்கக் கூட்டத்தில் இருந்த நேரம்தான் அதிகம். சாமி, பூசை என்றால் ஒரு சிரிப்பு சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்கே கோபம் வரும்.

எங்கள் வீடுகளில் பேச்சு தீவின் பொது மொழியான க்ரியோலில்தான். அண்ணே, அண்ணி, சாமி, தீட்டு, காவடி என்று உறவையும் கோயிலையும் ஒட்டிய சொற்கள்தாம் தமிழில் தங்கியிருக்கின்றன. இவர்கள் பேசிக்கொண்டதை நான் தமிழாக்கிச் சொல்கிறேன். ஒன்றிரண்டை மட்டும் மாற்ற மனம் வரவில்லை.

பெரிய புயல்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடித்த வருஷம் அது. மாமனார் கருமாதிக்காகத் தெற்கே போன அண்ணனுக்கு அங்கேயே மலேரியா கண்டது. அப்போதெல்லாம் தீவில் அந்தக் காய்ச்சல் வந்தால் வீட்டுக்கு ஒருவரைக் கொண்டுபோகாமல் விடாது. அண்ணன் ஆளே அடையாளம் தெரியாமல் சுருண்டு கிடந்தார். தோட்டத்தின் ஓரத்தில் ஒரு சின்ன முருகன் கோயில் உண்டு, தகரக் கூரை போட்டது. அண்ணி அங்கே போய் நின்று, இவரை எழுப்பிக் கொடு, என் வீட்டுப் பசுவின் பாலைத் தைப்பூசத்தன்று நானே கொண்டுவந்து உனக்கு ஊற்றுகிறேன் என்று நேர்ந்துகொண்டாள். அப்போது எங்கள் வீட்டில் பசுவே கிடையாது. இல்லாத பசுவின் பாலை நேர்ந்துகொள்ளும் துணிச்சல் என் அண்ணிக்குத்தான் வரும்.

அண்ணன் எழுந்துவிட்டார். நேர்த்திக்கடன் படுத்துக்கொண்டது. ஒரு வருஷம் பசு வாங்க வழியில்லை. வாங்கிய வருஷம் அது சினைக்கு நிற்கவில்லை. கன்று போட்ட வருஷம் எங்கள் அம்மா இறந்துபோய், வருஷம் திரும்பும்வரை கோயில் படி மிதிக்கக்கூடாது என்று ஆயிற்று. அடுத்த தையில் பால் வற்றிவிட்டது. இப்படி ஒவ்வொரு தைக்கும் ஒரு தடங்கல்.

தடங்கல் கூடக்கூட அண்ணியின் பயமும் கூடியது. கொடுக்க வேண்டியதைக் கொடுக்காதவரை அண்ணனின் உயிர் இரவல் என்பது அவள் கணக்கு. கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் வந்து திரும்ப வாங்கிக்கொண்டு போவார். அண்ணன் தும்மினால் அடுப்பை விட்டு எழுந்து வருவாள். வழக்கமான பஸ்ஸைத் தவறவிட்டு அவர் அடுத்ததில் வந்தால், சாலையோரம் முகத்தில் ரத்தமே இல்லாமல் நிற்பாள். “தூக்கத்துல கண்ண முழிச்சா மூக்குக்கு நேரா கைய நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. மனுசன் எப்படித் தூங்குறது?” என்று அண்ணன் என்னிடம் சொல்லிச் சிரிப்பார். சர்க்கார் மருந்தடித்து மலேரியாவைத் தீவை விட்டே விரட்டியாயிற்று. அண்ணி மனதில் மட்டும் அது போகவில்லை.

கடைசியில் ஒரு தையில் எல்லாம் கூடி வந்தது. பசு கறந்தது. வீட்டில் தீட்டு இல்லை. கோயிலில் கொடியேற்றிய நாளிலிருந்து இரண்டு பேரும் விரதம் பிடித்தார்கள். அண்ணன் வேண்டா வெறுப்பாகத்தான் பிடித்தார், ஆனாலும் பிடித்தார். பூசத்தன்று காலையில் கறந்த பால் அன்றைக்கே தெற்கே போய்ச் சேர வேண்டும். ரயிலில் போங்களேன் என்றேன். அண்ணி என்னைப் பார்த்த பார்வையில் பால் அங்கேயே திரிந்திருக்கும். ரயிலிலும் பஸ்ஸிலும் மீன் கூடை ஏறும், சேவல் ஏறும், காலையில் எதைத் தின்றுவிட்டு யார் பக்கத்தில் வந்து உட்காருவார்களோ தெரியாது. விரதச் செம்பை அங்கே எப்படிக் கொண்டுபோவது? நடந்தால் ஒரு நாளில் போய்ச் சேராது. ஆகவே சைக்கிள்.

அண்ணனிடம் ஒரு பழைய சைக்கிள் இருந்தது. அண்ணிக்கு ஓட்டத் தெரியும். பாம்ப்ளமூஸ் சாலையில் ஜிசெல் என்று ஒரு தையற்காரி இருந்தாள், க்ரியோல் பெண், மாதா கோயிலுக்குப் போகிறவள். அவளுக்கு ஓரம் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள் அண்ணி. துணிகளைக் கொண்டுபோய்க் கொடுக்க ஜிசெலின் சைக்கிளிலேயே கரும்புக்காட்டு வண்டிப்பாதையில் பழகிக்கொண்டாள். ஊர் பேசியது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? இப்போது அதே சைக்கிளை இரவல் கேட்டபோது, சாமி காரியம் என்று தெரிந்துகொண்ட ஜிசெல் அந்த வாரம் முழுக்க அதில் மீன் வாங்கப் போகவில்லை. சோப்பு போட்டுக் கழுவி, துடைத்துக் கொடுத்தாள். எங்கள் சொந்தக்காரிகள் ஒருத்திக்கும் இந்த அறிவு வந்திருக்காது.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தீவில் காவடியோடு பால் சுமப்பவர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. எத்தனை வெயிலில் எத்தனை தூரம் சுமந்தாலும், விரதம் சுத்தமாக இருந்தால் செம்புப் பால் திரியாது. கோயிலில் பூசாரி செம்பைத் திறக்கும்போது எல்லார் கண்ணும் அதற்குள்தான் இருக்கும். திரிந்திருந்தால் சாமி ஏற்றுக்கொள்ளவில்லை என்று அர்த்தம். அதுவும் பச்சைப் பாலாக இருக்க வேண்டும், காய்ச்சியது ஆகாது.

எந்த நேரத்தில் கறப்பது, செம்பின் வாயில் எந்த நிறத் துணி கட்டுவது, எந்தக் காலை முதலில் பெடலில் வைப்பது என்று தெருப் பெண்கள் நாங்கள் எல்லாரும் கூடி யோசித்தோம். மோர் கடையாத கை ஒன்றும் அந்தக் கூட்டத்தில் கிடையாது. இருந்தும், பச்சைப் பாலைத் தை மாதத்துக் கொதிக்கும் வெயிலில், கல் சாலையில், சைக்கிளில் கட்டித் தீவு முழுக்க உலுக்கிக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. சாமி காரியத்தில் புத்தியைச் செருப்போடு வாசலில் கழற்றி வைத்துவிடுவது எங்கள் வழக்கம்.

பொழுது விடிவதற்கு முன் கறந்தார்கள். பித்தளைச் செம்பின் வாயில் வாழையிலை வைத்து ரோஸ் நிறத் துணி கட்டி, அண்ணியின் ஹாண்டில்பாரில் தொங்கவிட்டார்கள். பிள்ளைகள் இரண்டையும் என்னிடம் விட்டுவிட்டுப் புறப்பட்டார்கள். பின்னால் நடந்ததெல்லாம் அவர்கள் இருவரும் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். இருவரும் ஒத்துப்போன இடம் குறைவு.

சாந்த் குருவாவுக்குப் போனபோது பெரிய கோயிலில் மணி அடித்துக்கொண்டிருந்தது. தெருவெல்லாம் காவடிக்காரர்கள். அண்ணன் சைக்கிளை நிறுத்தி, இதுவும் அதே முருகன்தானே, இங்கேயே ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாமே என்றாராம். அண்ணி பெடலை மிதித்தாளாம். தமாஷுக்குத்தான் சொன்னேன் என்று அண்ணன் சாதிப்பார். தமாஷ் இல்லை, பசி என்பாள் அண்ணி.

போர் லூயியைத் தாண்டியதும் ஏற்றம். ரோஸ் ஹில், அதற்கு மேல் க்யூர்பிப் வரைக்கும் மூச்சு முட்டும் ஏற்றம். பாதிக்கு மேல் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போனார்கள். தள்ளிக்கொண்டு போனதால் பேச முடிந்தது என்பாள் அண்ணி. கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் இரண்டு பேரும் ஒரு பகல் முழுக்கத் தனியாக இருந்ததே கிடையாது. வீட்டில் நாங்கள் இருந்தோம், எங்கள் அம்மா இருந்தாள், பிள்ளைகள் இருந்தன, மிச்சத்தைச் சங்கம் எடுத்துக்கொண்டது. அன்றைக்குத்தான் அண்ணன் துறைமுகத்தைப் பற்றிச் சொன்னார். படகிலிருந்து கப்பலுக்கு மூட்டை ஏறும்போது கீழே நிற்பவனுக்கு வானமே தெரியாது என்றார். வேலைநிறுத்தத்தின்போது தான் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்ததாகவும், பக்கத்தில் நின்றவன் நடுங்காததால் தானும் நின்றுவிட்டதாகவும் சொன்னார். அண்ணி அவரை வீரன் என்றே நினைத்திருந்தாள். பயந்தவர் என்று கேட்டதும் அவர்மேல் பிரியம் கூடியது என்று என்னிடமே சொன்னாள், வெட்கப்படாமல்.

அவளும் பதிலுக்கு ஒன்று சொன்னாள். எங்கள் அம்மா செய்யும் கத்தரிக்காய்க் குழம்பு தனக்கு ஒருநாளும் பிடித்ததில்லையாம். அண்ணன் நடுச்சாலையில் நின்றுவிட்டாராம். தனக்கும் பிடிக்காது என்றாராம். எங்கள் அம்மா குழம்புக்கு என்ன குறை? இதைக் கேட்டு எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

க்யூர்பிப்பில் மேகம் தலையில் இடித்தது. தூறல் விழுந்தது. அண்ணியின் கை விரல்கள் மரத்துப்போயிருந்தன. இனி இறக்கம், செம்பை நான் கொண்டுவருகிறேன் என்று அண்ணன் வாங்கித் தன் சைக்கிளில் மாட்டிக்கொண்டார். அங்கேதான் வந்தது வினை. நூவேல் ஃப்ரான்ஸ் தாண்டியதும் சாலை தெற்கே சரிந்துகொண்டே போகும். பகலெல்லாம் மலை தள்ளிய மனுஷனுக்கு அந்தச் சரிவைப் பார்த்ததும் சின்னப் பிள்ளை குணம் வந்துவிட்டது. காலைத் தூக்கிக்கொண்டு விட்டார் ஒரு விடு. ஒவ்வொரு குழியிலும் செம்பு எகிறி எகிறி விழ, பின்னால் அண்ணி “டூஸ்மான்! டூஸ்மான்!” என்று மெதுவாகப் போகச் சொல்லிக் கத்திக்கொண்டே துரத்தினாள். அந்தச் சரிவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அண்ணன் முகம் மலர்ந்துவிடும். அவ்வளவு வேகமாகத் தான் வாழ்க்கையில் போனதே இல்லை என்பார்.

ரிவியேர் தே ஆங்கீ பாலத்தில் இளைப்பாற நின்றார்கள். கீழே பள்ளத்தில் ஆறு. வெயில் மறுபடி ஏறியிருந்தது. செம்பைக் கையில் வாங்கிய அண்ணிக்குத் துணி ஈரமாகப் பட்டது. முகர்ந்து பார்த்தாள். பிறகு பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தாள். இலையை எடுத்தாள். மேலே மஞ்சளாகப் பொட்டுப் பொட்டாக வெண்ணெய், கீழே நீர்த்துப்போன புளிப்பு.

வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதை எல்லாருக்கும் தெரியும். எங்கள் வீட்டில் வெண்ணெய் திரண்டதே கேடாயிற்று.

அண்ணி அழவில்லையாம். செம்பை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாளாம். சாமி செம்பைத் தள்ளிவிட்டார். இரவலைத் திரும்பக் கேட்டுவிட்டார். அண்ணன் குனிந்து செம்புக்குள் பார்த்தார், வெண்ணெய் வந்திருக்கிறது என்றார். சொன்ன பிறகு தன் நாக்கையே அறுத்துக்கொள்ளலாம் போலிருந்தது என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

“உங்க உசுருக்காகக் கொண்டாந்தது,” என்றாள் அண்ணி.

“என் உசுரு இந்தா நிக்குது. மூச்சு வாங்குது பாரு.”

“திரும்பிப் போயிரலாம்.”

“ஏன் திரும்பணும்? இவ்வளவு தூரம் வந்தாச்சு. பால் கெட்டுப்போச்சுன்னு நேர்ல போய்ச் சொல்லிட்டு வருவோம். நீ பேச வேணாம், நான் சொல்றேன். அலே, எந்திரி.”

கோயில் என்றாலே சிரிப்பவர், அன்று கோயிலுக்குப் போயே தீருவேன் என்று நின்றார். நேர்ந்துகொண்டவள் வரமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தாள். கடைசியில் அண்ணன் செம்பைத் தன் சைக்கிளில் மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்ததும், வேறு வழியில்லாமல் அவளும் எழுந்து போனாள்.

தகரக் கூரைக் கோயிலில் காவடிகள் வந்து இறங்கி, அபிஷேகம் நடந்துகொண்டிருந்தது. பூசாரி வீரசாமி மற்ற நாளெல்லாம் கரும்பு வெட்டுகிறவர், அண்ணியைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர். செம்பைத் திறந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளிக்காமல் தாழ்ந்த குரலில், இது ஆகாது, ஓரமாக வைத்துவிடு, என் வீட்டுப் பால் இருக்கிறது, தருகிறேன், அதை ஊற்று என்றார். அண்ணி தலையை ஆட்டி மறுத்தாள். நேர்ந்தது தன் பசுவின் பால். இன்னொருவர் பாலை ஊற்றிச் சாமியை ஏமாற்ற அவளுக்குத் தெரியாது. சுற்றி நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள், ஒருவர் காதை ஒருவர் கடித்தார்கள்.

அண்ணன் முன்னால் வந்தார். அவருக்குத் தமிழில் ஒரு தோத்திரமும் தெரியாது. சங்கக் கூட்டத்தில் பேசுகிற அதே குரலில், க்ரியோலில், முருகனைப் பார்த்து உரக்கச் சொன்னார்.

“நான் மருதை, ட்ரியோலேலேருந்து. இவ வேண்டிக்கிட்டபடி பாலைக் கொண்டாந்தோம். வழியில கெட்டுப்போச்சு. எறக்கத்துல வேகமா விட்டது நான். இவ மேல தப்பில்ல. ஏதாச்சும் எடுத்துக்கணும்னா என்கிட்ட எடுத்துக்க.”

சில பேர் சிரித்தார்கள். அண்ணி திரும்பி அவரைப் பார்த்தாள். என்ன நினைத்தாள் என்று பல தடவை கேட்டிருக்கிறேன். பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவாள்.

அன்றிரவு கோயில் கொட்டகையிலேயே படுத்தார்கள். ஓரமாக வைத்த செம்பை அண்ணியே எடுத்துவந்து, வெண்ணெயை வழித்து, சைக்கிள் பிடித்துக் கொப்புளித்துப்போன அண்ணனின் உள்ளங்கையில் தடவிவிட்டாள். சாமிக்கு ஆகாதது எனக்கு ஆயிற்று என்று அண்ணன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர் அதைச் சொல்லும்போதெல்லாம் அண்ணி அவரைத் திட்டுவாள், நன்றாகவே திட்டுவாள்.

திரும்பும்போது வந்த வழியில் வரவில்லை. மறுபடி மலை ஏற அண்ணனுக்குத் தெம்பில்லை. கடலோரமாக மேற்கே சுற்றினார்கள். இடது கைப்பக்கம் கடல் கூடவே வந்தது. தூரம் அதிகம், ஆனால் ஏற்றம் குறைவு, அவசரமும் கிடையாது. வழியில் அன்னாசி வாங்கித் தின்றார்கள். காலை நனைத்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்திருந்தார்கள். தமாரின் பக்கத்தில் அண்ணனோடு துறைமுகத்தில் வேலை பார்த்த க்ளோட் வீடு இருந்தது. அங்கே தங்கி, விரதம் முடிந்த வாய்க்கு மீன் குழம்பு சாப்பிட்டார்கள். சாப்பிட்டுவிட்டு அண்ணி தூங்கியிருக்கிறாள். வெயில் ஏறும்வரை அசையவில்லையாம். தானே எழுந்து உட்கார்ந்து, இவள் மூச்சு விடுகிறாளா என்று பார்க்க வேண்டியதாகிவிட்டது என்றார் அண்ணன்.

நான் இங்கே பிள்ளைகளை வைத்துக்கொண்டு வாசலுக்கும் சாலைக்கும் நடந்துகொண்டிருந்தேன். வந்து சேர்ந்தபோது இரண்டு பேரும் கருத்து, தூசி படிந்து, திருட்டுத்தனமாக மாங்காய் அடித்துவிட்டு வந்தவர்கள் மாதிரி சிரித்துக்கொண்டு நின்றார்கள். பால் என்ன ஆச்சு என்று கேட்டேன். திரிந்துவிட்டது என்று அண்ணி சாதாரணமாகச் சொன்னாள். அடுத்த தைக்கு மறுபடி கொண்டுபோகப் போகிறீர்களா என்று கேட்டேன். இல்லை என்றாள்.

அதற்குப் பிறகு அண்ணி மாறிவிட்டாள். நாங்கள் எல்லாரும் பார்த்தோம், காரணம்தான் தெரியவில்லை. அண்ணன் தும்மினால் அடுப்பை விட்டு எழுவதில்லை. அவர் பஸ்ஸைத் தவறவிட்டு வந்தால், சோறு ஆறிப்போச்சு என்று சண்டை பிடிப்பாள். காசு சேர்த்துத் தனக்கென்று ஒரு சைக்கிள் வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் பிள்ளைகளை என் தலையில் கட்டிவிட்டு எங்காவது போவார்கள். ரிவியேர் டு ராம்பார் சந்தைக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போய், ஒரு பச்சைமிளகாய்கூட வாங்காமல் வருவார்கள். சங்கக் கூட்டத்துக்குக்கூட அண்ணி சைக்கிளில் கூடவே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்வாள். தெருப் பெண்களுக்குப் பொறுக்கவில்லை. எனக்கும் கொஞ்சம் பொறுக்கவில்லைதான்.

எங்கள் ஊரையே தரைமட்டமாக்கிய புயலுக்கு அடுத்த வருஷம் அண்ணன் போய்விட்டார். காய்ச்சல் ஒன்றும் இல்லை. துறைமுகத்தில் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான். க்ளோட்தான் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். எல்லாம் முடிந்து, பெண்கள் கூடி உட்கார்ந்திருந்த மத்தியானம். எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. கல்லாகிப்போயிருந்தேன். எதிர்வீட்டு அத்தை தன் பக்கத்தில் இருந்தவளிடம், எல்லாருக்கும் கேட்கும்படி முணுமுணுத்தாள்.

“பால் அன்னைக்கே சொல்லிருச்சு. குடுக்காத கடனைச் சாமி விடுமா?”

நான் எழுந்துவிட்டேன். அந்த அத்தையின் கொண்டையைப் பிடித்திருப்பேன். அண்ணி என் கையைப் பற்றி உட்கார வைத்தாள். அவள் முகம் அழுது வீங்கியிருந்தது, குரல் மட்டும் நிதானமாக இருந்தது.

“ஆமா, திரிஞ்சுதான் போச்சு,” என்றாள். “அதுக்கு முந்தி, இவரு எப்பப் போயிருவாரோன்னு பயந்து பயந்து, நான் இவரைப் பார்க்கவே இல்ல அத்த. அன்னைக்குக் கோயில்ல, கெட்டது நடந்தாச்சு, இனி என்னன்னு திரும்பினேன். இவரு என் பக்கத்துல வேர்த்து வழிஞ்சு நின்னுக்கிட்டு, எனக்காகச் சாமிகிட்ட வாதாடுறாரு. இந்த ஆளோட இருக்கத்தானே உசுரைக் கேட்டேன், இருக்கவே இல்லையேன்னு தோணுச்சு. அன்னையிலேருந்து இருந்தேன். பால் நல்லா இருந்திருந்தா, இன்னொன்னை நேர்ந்துக்கிட்டு, நேத்து வரைக்கும் பயந்துக்கிட்டே கிடந்திருப்பேன்.”

பெண்கள் வாயடைத்துப் போனார்கள் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. தேநீர் வந்தது, எல்லாரும் கோப்பை வாங்க எழுந்து போனார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் ஒருத்தி கொண்டுவந்து வைத்தாள். நான் அண்ணியின் தோளில் சாய்ந்து, அண்ணே அண்ணே என்று வாய்விட்டு அழுதேன்.